புளியங்குடி டூ கொல்கத்தா: ஒரு சைனீஸ் சாப்பாடு

புளியங்குடியில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மெயின் ரோட்டில் நடந்தால் ரெண்டு வாசனை மாறி மாறி வரும். ஒன்று எலுமிச்சை. 'எலுமிச்சை நகரம்' என்று பேர் வாங்கின ஊர், வராமல் இருக்குமா! இன்னொன்று தள்ளுவண்டிகளில் இருந்து வருவது. பெரிய இரும்புச் சட்டி, சட்டிக்கு அடியில் புஸ்ஸென்று சீறும் அடுப்பு, சட்டியின் ஓரத்தில் விழுந்து தீயும் சோயா சாஸ். வண்டியின் நெற்றியில் சிவப்பு எழுத்தில் 'சைனீஸ் பாஸ்ட் புட்' என்று எழுதியிருக்கும். ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ், சில்லி சிக்கன், கோபி மஞ்சூரியன். நாலும் நாலு விதமான சிவப்பு.

பத்து வயசுப் பையனைக் கேட்டால் இதுதான் சீனாக்காரன் சாப்பாடு என்று சத்தியம் பண்ணுவான். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள், "சீனாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது, எல்லாம் டூப்" என்பார்கள். இரண்டுமே முழுசாகச் சரியில்லை. இந்தச் சட்டிக்கும் சீனர்களுக்கும் சம்பந்தம் உண்டு. ஆனால் அந்தச் சீனர்கள் பீஜிங்கிலோ ஷாங்காயிலோ இல்லை, கொல்கத்தாவில் இருந்தார்கள்.

மஞ்சூரியனையே எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவின் வடகிழக்கில் மஞ்சூரியா என்று ஒரு பகுதி உண்டு. அங்கே போய் கோபி மஞ்சூரியன் கேட்டால் முழிப்பார்கள். 1975ல் மும்பையில், கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவின் சமையலறையில், நெல்சன் வாங் என்கிற சமையல்காரர் செய்து பார்த்த அயிட்டம் அது. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் மூன்றையும் பொடியாக நறுக்கி வதக்கினார். அதுவரைக்கும் எந்த வட இந்தியச் சமையலறையிலும் நடப்பதுதான். அதற்கு மேல் கரம் மசாலா போடாமல் சோயா சாஸை ஊற்றி, சோளமாவு கரைத்துவிட்டுக் கெட்டியாக்கினார். முதலில் சிக்கன், பின்னால் சைவக்காரர்களுக்காகக் காலிஃப்ளவர். இந்த நெல்சன் வாங் பிறந்தது கொல்கத்தாவில், சீனக் குடும்பத்தில்.

(அந்தச் சிவப்புக்கு மட்டும் அவர் பொறுப்பில்லை. கலர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு, மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கக் கூடாது என்று தடையே போட்டது.)

சரி, கொல்கத்தாவுக்குச் சீனர்கள் எப்படி வந்தார்கள்?

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. வாரன் ஹேஸ்டிங்ஸ் கவர்னர் ஜெனரலாக இருந்த காலம். டோங் அச்சூ என்கிற சீன வியாபாரி, ஹூக்ளி ஆற்றங்கரையில், இன்றைய பட்ஜ் பட்ஜ் பக்கம் நிலம் வாங்கிக் கரும்பு போட்டு, சர்க்கரை ஆலை வைத்தார். சீனாவில் இருந்து வேலையாட்களைக் கூட்டிவந்தார். அவர் பெயரால் அந்த ஊர் இன்றும் அச்சிபூர். சிவப்புப் பூச்சில், குதிரை லாட வடிவத்தில் அவர் சமாதி ஆற்றங்கரையில் இருக்கிறது. சீனப் புத்தாண்டை ஒட்டிக் கொல்கத்தாச் சீனர்கள் அங்கே போய்க் கும்பிட்டுவிட்டு வருவார்கள்.

இந்த இடத்தில் திருநெல்வேலி, தென்காசிக்காரர்கள் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்ளலாம். சென்னையில் டீக்கடையில் 'சர்க்கரை கம்மியா' என்பார்கள். இந்தப் பக்கம் 'சீனி கம்மியா' என்றுதான் சொல்வார்கள். அதே சீனி வங்காளியில் 'சினி', இந்தியில் 'சீனி'. சீனத்தில் இருந்து வந்தது என்பதுதான் அர்த்தம். சீனிக்கிழங்கு, சீனியவரைக்காய், சீனி மிட்டாய், சீனவெடி, தாவா போட்ட கதவைத் திறந்தால் உள்ளே சீனச்சட்டி... வீட்டுக்குள்ளேயே இத்தனை சீனாவை வைத்துக்கொண்டு யாரும் அதைச் சீனா என்று நினைப்பதில்லை.

அச்சூவின் ஆலை நிலைக்கவில்லை. ஆட்கள் கொல்கத்தாவுக்குள் வந்தார்கள். பின்னால் இன்னும் பல பேர் வந்தார்கள். ஒவ்வொரு ஊர்க்காரர்களுக்கு ஒவ்வொரு தொழில். கேண்டன் பக்கத்து ஆட்கள் தச்சு வேலை, கப்பல் பட்டறை, சாப்பாட்டுக்கடை. ஹூபே மாகாணத்தவர் பல் வைத்தியம் (சென்னையில் 'சைனீஸ் டென்டிஸ்ட்' போர்டு பார்த்திருப்பீர்களே, அவர்களுக்கும் அந்த ஹூபேதான் பூர்வீகம்). ஹக்கா மக்கள் செருப்புத் தைப்பதும் தோல் பதனிடுவதும். சாதிக்கட்டு உள்ள ஊரில் தோலைத் தொட மற்றவர்கள் தயங்கினார்கள், ஹக்காக்கள் தயங்கவில்லை. கிழக்குக் கொல்கத்தாவின் டாங்ரா முழுக்கத் தோல் தொட்டிகளாக ஆனது. 'ஹக்கா நூடுல்ஸ்' என்று மெனுவில் இருக்கிறதே, அந்த ஹக்கா இந்த ஹக்காதான்.

தமிழ்நாட்டுக்கும் சீனர்கள் வராமல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாயாப் பக்கத்துச் சிறைகளில் இருந்து சீனக் கைதிகளைக் கொண்டுவந்து, நீலகிரியில் நடுவட்டம் பக்கம் சின்கோனாத் தோட்டத்தில் வேலை வாங்கியது வெள்ளைக்கார அரசு. விடுதலையான சிலர் அங்கேயே தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார்கள் என்று எட்கர் தர்ஸ்டன் 1909ல் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் குடும்பங்கள் மெதுவாக ஊரோடு கரைந்துபோயின. கொல்கத்தாவில் அப்படி இல்லை. கோயில், பள்ளிக்கூடம், பத்திரிகை, இடுகாடு என்று தனி ஊரே உருவானது. அதோடு சாப்பாட்டுக்கடைகளும்.

1920களில் டிரெட்டி பஜாரில், தூங் ஆன் சீனக் கோயில் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் 'நான்கிங்' ரெஸ்டாரன்ட் இருந்தது. பெரிய மனிதர்கள், சினிமாக்காரர்கள் எல்லாம் வந்து சாப்பிட்ட இடம். 1970களில் மூடிவிட்டார்கள். அதே 1920களில் தொடங்கிய இன்னொன்று, கணேஷ் சந்திர அவென்யூவில் பெட்ரோல் பங்க்குக்கு மேலே மாடியில் இருக்கும் 'ஓ சியூ'. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்திவந்த கடை. அதன் 'சிம்னி சூப்' பிரபலம். நடுவில் புகைபோக்கி வைத்த பாத்திரம், புகைபோக்கிக்குள் கரி நெருப்பு, சுற்றிலும் கொதிக்கும் சூப்பில் மீன், இறால், முட்டை, கீரை. வீட்டுக்கார அம்மா பேரில் 'ஜோசஃபின் நூடுல்ஸ்' என்று ஒரு அயிட்டமும் உண்டு.

இந்த மாதிரிப் பழைய கடைகளுக்கு ஒரு ஜாடை உண்டு. ஏசியும் டிராகன் பொம்மையும் போட்டு மிரட்ட மாட்டார்கள். ஏழெட்டு மேஜை, மேலே ஃபார்மிகா. மேஜையில் வினிகரில் ஊறின பச்சை மிளகாய், சோயா சாஸ், வெள்ளை மிளகுத்தூள். கல்லாவில் குடும்பத்தில் மூத்தவர். சமையல்கட்டில் இன்னொருத்தர். முன்னோர் படத்துக்குச் சின்ன மாடம், சிவப்பு பல்பு, ஊதுபத்தி, ரெண்டு ஆரஞ்சு. அவ்வளவுதான்.

அப்படி ஒரு கடைக்குத்தான் 2023 ஜனவரியில் புளியங்குடிக்காரர் ஒருத்தர் போய்ச் சாப்பிட்டார். வயசு ஐம்பத்தைந்து தாண்டியவர். எலுமிச்சைக் கமிஷன் கடையில் கணக்கு எழுதி, பிறகு சொந்தமாக வியாபாரம் பார்த்தவர். ஊரில் எல்லாருக்கும் அண்ணாச்சி. மகன் எம்.எஸ்ஸி. படிக்கக் கொல்கத்தா போய் அப்போது ஆறு மாசம் ஆகியிருந்தது. பொங்கல் முடிந்த கையோடு மகனைப் பார்க்கக் கிளம்பினார். புளியங்குடிக்கு ரயில் கிடையாது. சங்கரன்கோவில் போய்ப் பொதிகை ஏறி, சென்னை வந்து, அங்கிருந்து கோரமண்டல். பையில் ஒரு கட்டு பனங்கிழங்கு, ஊறுகாய், ஐம்பது எலுமிச்சை. ஐம்பது எதற்கு என்று மகனுக்கு இன்றுவரை புரியவில்லை. எங்கே போனாலும் அவர் அப்படித்தான்.

மூன்று நாள் மீன் குழம்பும் ரசகுல்லாவும் ஆனபிறகு மகன் சொன்னான், "யப்பா, இன்னைக்குச் சீனாக்காரங்க கடைக்குப் போவோம்."

"நம்மூர் வண்டியில கெடைக்காததா? அதுவுமில்லாம பாம்பு, பல்லின்னு எதையாவது போட்டுட்டான்னா?"

"அதெல்லாம் கெடையாது. வாங்க."

டிரெட்டி பஜாருக்குப் பக்கத்துச் சந்து. அந்த வாரக் கடைசியில், ஜனவரி 22ல், சீனப் புத்தாண்டு. சந்து முழுக்கச் சிவப்புக் காகித விளக்குகள் தொங்கின. மரப்படி ஏறிப் போனால் மாடியில் கடை. வாசலில் இருந்தே மாடமும் ஊதுபத்தியும் கண்ணில் பட்டதால் அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டார். கல்லாவில் இருந்த சீனப் பெரியவர் எழுந்து வந்து, வேண்டாம், போட்டுக்கொண்டே வாருங்கள் என்று இந்தியில் சொன்னார். அண்ணாச்சிக்கு இந்தி தெரியாது. "இருக்கட்டும்" என்று தமிழில் சொல்லிவிட்டு வெறுங்காலோடு போய் உட்கார்ந்தார்.

முதலில் வான்டன் சூப் வந்தது. தெளிந்த தண்ணீர் மாதிரி சூப், அதில் மிதக்கும் நாலு உருப்படி.

"கொழுக்கட்டையைத் தண்ணியில போட்டுக் கொண்டாந்திருக்கான்" என்றார். ஒன்றைத் தின்றுவிட்டு, "உள்ள பூரணம் கறி" என்றார். அடுத்த மூன்றுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு மெய்ஃபூன். அரிசிமாவில் செய்த மெல்லிய நூடுல்ஸ், கோழியும் முட்டையும் போட்டு வதக்கியது. "லேய், இது இடியாப்பம்லா!" மகன் சிரித்துவிட்டான். உண்மைதானே? அரிசிமாவைப் பிழிந்து அவித்தால் அவர்களுக்கும் இடியாப்பம்தான் வரும். சட்டியில் போட்டு வதக்குகிறார்கள், அவ்வளவுதான். புளியங்குடி வண்டியில் வருகிற சிவப்பு எதிலும் இல்லை. வெள்ளை, பச்சை, லேசான பழுப்பு. சட்டியில் நல்ல சூட்டில் தீய்ந்த ஒரு வாசனை மட்டும் ஊர் வண்டியின் வாசனையேதான். அதை அவர் உடனே பிடித்துவிட்டார்.

கடைசியில் முழுசாக அவித்த மீன். பேட்கி என்பார்கள் வங்காளத்தில், தமிழில் கொடுவா. மேலே இஞ்சியும் வெங்காயத்தாளும் நூல் நூலாக நறுக்கிப் போட்டு, சோயா சாஸ் கலந்த சூடான எண்ணெய் ஊற்றியிருந்தது. மிளகாய் இல்லை, புளி இல்லை, மஞ்சள்கூட இல்லை. அண்ணாச்சி மீனைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

"சொகமில்லாதவங்களுக்குக் குடுக்க மாதிரி இருக்கே."

"சாப்பிட்டுப் பாருங்க."

நாலு வாய் சாப்பிட்டுவிட்டு வெறும் சோறு கேட்டார். மீனுக்கு அடியில் நின்ற சாற்றைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார். கையால்தான். முள்ளைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. "மீன் நல்ல மீனா இருந்தா ஒண்ணும் போட வேண்டாம். பழைய மீனுக்குத்தான் மசாலா" என்று தீர்ப்புச் சொன்னார். கல்லாப் பெரியவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் தாண்டிவிட்டதால் கடையில் வேறு ஆள் இல்லை. சின்னக் கோப்பைகளில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மகன் மொழிபெயர்த்தான்.

எந்த ஊர்? தமிழ்நாடு, தென்காசிப் பக்கம். என்ன தொழில்? எலுமிச்சை. அண்ணாச்சி பையைத் திறந்து ஒரு பழத்தை எடுத்து நீட்டினார். பெரியவர் முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு கந்தராஜ் எலுமிச்சையைக் கொண்டுவந்தார். வங்காளத்து எலுமிச்சை, நீளமாக, பச்சையாக, தோலிலேயே மணம் தூக்கும். அண்ணாச்சி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "சாறு கம்மி, வாசனை ஜாஸ்தி. ஒண்ணு எவ்வளவு?" விலையைக் கேட்டதும் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வியாபாரம் பேசினார்கள்.

அப்புறம்தான் அண்ணாச்சி அந்தக் கேள்வியைக் கேட்டார். "இவுக எப்பச் சீனாவுல இருந்து வந்தாவன்னு கேளு."

மகன் தயங்கித் தயங்கிக் கேட்டான். பெரியவருக்கு இந்தக் கேள்வி புதுசில்லை போல. தான் பிறந்தது இதே சந்தில் என்றார். அப்பா பிறந்தது இதே ஊரில். சீனாவைத் தன் வாழ்நாளில் பார்த்ததே இல்லை. 1962ல் தனக்கு எட்டு வயசு என்றார்.

அந்த வருஷத்தைச் சொன்னதும் அண்ணாச்சிக்கும் ஒரு விஷயம் ஞாபகம் வந்துவிட்டது. அவர் பிறப்பதற்கு முன்னால் நடந்தது, வீட்டில் சொல்லக் கேட்டது. சீனா சண்டைக்குப் பாதுகாப்பு நிதி வசூலித்தபோது, புதுசாகக் கல்யாணம் ஆகியிருந்த அவருடைய அம்மா கையில் கிடந்த மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அதற்குக் கொடுத்த ரசீது இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பெருமையான விஷயம், வீட்டில் விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டுவது. அதைச் சொல்லிவிட்டார். மகன் மொழிபெயர்ப்பதா வேண்டாமா என்று முழித்தான். பிறகு மொழிபெயர்த்தான்.

பெரியவர் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. தன் சித்தப்பா ஒருத்தர் அஸ்ஸாமில் தச்சு வேலை பார்த்தார் என்றும், அந்த வருஷம் போலீஸ் வந்து கூட்டிப்போய் ரயிலில் ஏற்றினார்கள் என்றும், நாலு வருஷம் கழித்து வந்தார் என்றும் சொன்னார். வந்து பார்த்தால் பட்டறை இல்லை. சில வருஷத்தில் கனடா போய்விட்டார், அங்கேயே காலமானார். கொல்கத்தாவில் இருந்தவர்களும் ஊரைவிட்டு வெளியே போக வேண்டுமென்றால் போலீஸில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. தன் அப்பா பல வருஷம் அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்திருந்தார் என்றார்.

இது பாடப்புத்தகத்தில் இல்லாத சமாச்சாரம். 1962 அக்டோபர் 20ல் தொடங்கிய போர் நவம்பர் 21ல் சீனா தானாகவே சண்டையை நிறுத்தியதும் முடிந்துவிட்டது. ஒரே ஒரு மாசம். ஆனால் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அஸ்ஸாம், வங்காளத்தின் மலைப்பகுதி, ஷில்லாங் போன்ற இடங்களில் இருந்து கிட்டத்தட்ட மூவாயிரம் சீன வம்சாவளியினரைக் குடும்பம் குடும்பமாகப் பிடித்து, ராஜஸ்தானில் இருக்கும் தேவ்லி முகாமுக்கு ரயிலில் கொண்டுபோனார்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், கிழவர்கள் எல்லாரும் அதில் உண்டு. விசாரணை கிடையாது. இங்கேயே பிறந்து, அஸ்ஸாமியோ நேபாளியோ தவிர வேறு மொழி பேசத் தெரியாதவர்கள்கூட இருந்தார்கள். சிலரை விடுவித்தது 1967ல்தான். திரும்பி வந்தபோது பலருடைய வீடும் கடையும் ஏலம் போயிருந்தன. நிறையப் பேர் சீனாவுக்கு அனுப்பப்பட்டார்கள், மிச்சம் இருந்தவர்களில் பலர் கனடாவுக்கும் மற்ற நாடுகளுக்கும் போனார்கள். ரீட்டா சௌத்ரி அஸ்ஸாமியில் எழுதிய 'மாகாம்' நாவல் 2010ல் வந்த பிறகுதான் அந்தப் பக்கத்திலேயே இது பரவலாகப் பேசப்பட்டது. ஜாய் மாவும் திலீப் டிசூசாவும் எழுதிய 'தேவ்லிவாலாஸ்' 2020ல் வந்தது. ஜாய் மா அந்த முகாமிலேயே பிறந்தவர். கனடாவில் இருக்கும் முன்னாள் கைதிகள் இந்திய அரசு ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுவருகிறார்கள்.

கொல்கத்தாச் சீனர்களின் எண்ணிக்கை அதோடு சரியத் தொடங்கியது. ஒரு காலத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் இருந்தவர்கள், இப்போது சில ஆயிரம்தான். போதாக்குறைக்கு 1996ல் உச்ச நீதிமன்றம், டாங்ரா தோல் தொட்டிகளை ஊருக்கு வெளியே பந்தாலாவுக்கு மாற்றச் சொல்லித் தீர்ப்பு வழங்கியது. மாசு விஷயத்தில் தீர்ப்பு நியாயமானதுதான், ஆனால் தொழில் போயிற்று. சில குடும்பங்கள் தொட்டி இருந்த இடத்தில் ரெஸ்டாரன்ட் வைத்தன. பிள்ளைகள் டொரன்டோவுக்குப் போனார்கள். டாங்ராவில் ஒரு காளி கோயில் இருக்கிறது. சீனர்கள் பார்த்துக்கொள்ளும் அந்தக் கோயிலில் நூடுல்ஸ்தான் பிரசாதம். ஒரு ஊரோடு ஒட்டிக்கொள்ள ஒரு கூட்டம் இதற்கு மேல் என்னதான் செய்ய முடியும்?

இதையே திருப்பிப் போட்டும் பார்க்கலாம். சீனாவில் சுவான்ஜோ என்றொரு துறைமுகம். பதிமூன்றாம் நூற்றாண்டில் அங்கே தமிழ் வணிகர்கள் குடியிருந்து சிவன் கோயில் கட்டியிருக்கிறார்கள். 1281ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது, கீழே சீன எழுத்தும் சேர்த்து. கோயில் இப்போது இல்லை, தூண்களும் சிற்பங்களும் அங்கங்கே கிடைத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தத் தமிழர்களும் அங்கே ஏதோ ஒரு சந்தில் சட்டி வைத்துத் தாளித்திருப்பார்கள். 'எப்ப வந்தீங்க?' என்று அவர்களையும் யாராவது மூன்றாவது தலைமுறையில் கேட்டிருப்பார்கள். இன்றைக்குத் துபாயிலும் சிங்கப்பூரிலும் புளியங்குடி, கடையநல்லூர்ப் பையன்கள் எத்தனை பேர்!

கடைக்குத் திரும்புவோம். பெரியவர் பேசி முடித்த பிறகு அண்ணாச்சிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கவும் முடியாது, அவர் செய்த தப்பு ஒன்றுமில்லை. பெருமையாகச் சொன்ன கதையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முடியாது. டீயைக் குடித்தார். பையில் இருந்த எலுமிச்சையை எல்லாம் எடுத்து மேஜையில் அடுக்கினார். முப்பது சொச்சம் இருந்தது. "வச்சுக்கிடச் சொல்லு" என்றார். பெரியவர் உள்ளே இருந்து ஒரு தட்டைக் கொண்டுவந்து எடுத்துக்கொண்டார். ரெண்டு பழத்தை மட்டும் மாடத்தில் ஆரஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு பில் கொண்டுவந்தார். பைசா குறைக்கவில்லை. அண்ணாச்சிக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. "வியாபாரின்னா இப்படி இருக்கணும்" என்று படியிறங்கும்போது சொன்னாராம்.

கடையை இன்னும் எத்தனை நாள் நடத்துவார் என்று மகன் அன்றைக்கே கேட்டிருந்தான். ஒரு பெண், ஒரு பையன், இரண்டு பேரும் வெளிநாட்டில். சமையல்கட்டில் இருப்பது பீகார்க்காரர், இருபது வருஷமாகக் கூடவே இருப்பவர், எல்லாக் கைப்பக்குவமும் அவருக்குத் தெரியும். "அவன் செய்தால் சீனச் சாப்பாடு இல்லையென்று யார் சொல்வது?" என்று பெரியவர் சிரித்தாராம்.

அண்ணாச்சி ஊருக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஆச்சிக்கு எண்பது நடந்துகொண்டிருந்தது, காது கொஞ்சம் மந்தம். இடியாப்பக் கதையைக் கேட்டுச் சிரித்தாள். மீனுக்கு மஞ்சள் போடவில்லை என்பதை நம்பவே இல்லை. ரயிலில் ஏற்றிக் கொண்டுபோன கதையை மட்டும் ரெண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

"பிள்ளைகுட்டியோடயா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டாள். "அந்தப் பொம்பளையாளுக நகைநட்டெல்லாம் என்னாச்சுடா? நானாவது நானா கழட்டிக் குடுத்தேன்."

அண்ணாச்சியிடம் பதில் இல்லை. போனில் மகனிடம் சொன்னார். மகன் அந்த இரண்டு புத்தகங்களைத் தேடிப் போனதே அதற்குப் பிறகுதான்.

கொல்கத்தா போகிறவர்களுக்கு ஒரு தகவல். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் லால்பஜார் பக்கம், போத்தார் கோர்ட் வாசலில் டிரெட்டி பஜார் சீனக் காலைச் சாப்பாடு கிடைக்கும். அவித்த பன், மீன் உருண்டை சூப், மோமோ. எட்டரை மணிக்கெல்லாம் கடையைக் கட்டிவிடுவார்கள், அதனால் ஆறு மணிக்கே போய்விடுவது நல்லது. விற்பவர்களில் சீனர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துவருகிறார்கள். மதியம் என்றால் மாடிப்படி ஏறும் பழைய கடை ஏதாவது ஒன்றில் அவித்த மீன் சொல்லுங்கள், கூடவே வெறும் சோறு. கல்லாவில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுப்பதாக இருந்தால் 'எப்ப வந்தீங்க' என்பதை விட்டுவிட்டு, மீன் எங்கே வாங்குகிறார் என்று கேளுங்கள்.